பார்த்தவர்கள் சொன்னது

2023 முழுக்க என்னிடமிருந்து யாருக்கும் ஒழுங்கான பதில் வந்திருக்காது. நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் "அப்புறம் விவரமாச் சொல்லுதேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த விவரம் இதுதான். பேத்தி பிறந்தாள், அதற்காக அமெரிக்கா போனோம், அங்கே இருந்தபோது தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் என் அக்கா போய்ச் சேர்ந்தாள், வருடம் முடியும்போது தாமிரபரணியில் வெள்ளம் வந்து அவள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. இத்தனைக்கும் நடுவே சில மனிதர்களைச் சந்தித்தேன். இதை எழுதுவதே அவர்களுக்காகத்தான்.

முதலில் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1982 ஜூலையில் எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்த முதல் தொகுதியிலேயே அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவள். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். சம்பளம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஏரல் பக்கம் இன்று நாற்பது வயதில் இருக்கும் பலர் அவள் கையால் அளந்து போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள். 'சத்துணவு டீச்சர்' என்றால்தான் ஊரில் தெரியும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. அந்த 100 கிராம் குறையாமல் தட்டுக்குப் போய்ச் சேருவதை அவள் ஒரு விரதம் போலக் காத்தாள். அத்தான் தவறிய பிறகு தனியாகத்தான் இருந்தாள். ஒரே மகன் குவைத்தில்.

மகளுக்கு ஏப்ரலில் பிரசவம். பங்குனி பிறந்ததும் கிளம்பினோம். 2019இல் எடுத்த பத்து வருட விசா கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தச் சமயத்தில் புதிதாக விசா கேட்டவர்களுக்கு நேர்காணல் தேதியே கிடைக்காமல் தவித்ததை நேரில் பார்த்தேன். கிளம்புவதற்கு முன்னால் அக்கா பாளையங்கோட்டைக்கு வந்து ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம். சுக்கு, மிளகு, திப்பிலி, சதகுப்பை, ஓமம் எல்லாம் வறுத்து இடித்து, உடன்குடிக் கருப்பட்டியில் பாகு வைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டியது. "தெனமும் காலைல வெறும் வயித்துல ஒரு நெல்லிக்கா அளவு. அங்க டாக்டர் என்னமும் சொன்னா சண்டை போடாத, பொறுமையாக் கேட்டுக்க" என்றாள். நான் அவளை நேரில் பார்த்தது அதுதான் கடைசி. பஸ் ஏற்றிவிடப் போனேன். மகளிருக்கு டிக்கெட் இல்லை என்பதால் எப்போதும் டவுன் பஸ்ஸாகவே பார்த்து மாறி மாறிப் போவாள். அன்றும் அப்படியே ஏறிப் போனாள்.

தோஹா வழியாக நியூயார்க். என் கணவருக்கு மூட்டுவலி என்பதால் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். நியூயார்க்கில் குடிவரவு அதிகாரி எத்தனை மாதம் இருப்பீர்கள், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். பேரக்குழந்தை என்றதும் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். சுங்கத்தில் டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும் வந்த வாசனையில் அந்தப் பெண் அதிகாரி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். இஞ்சியும் வெல்லமும் என்று மருமகன் ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்.

நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊர். ஓக் ட்ரீ ரோட்டில் நடந்தால் முருங்கைக்காய் முதல் வாழை இலை வரை கிடைக்கிறது. அந்த ஊரைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போகலாம், ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மகள் பிரசவித்து அறைக்கு வந்ததும் நர்ஸ் அவளுக்குக் கொடுத்தது பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர். எனக்கு அடிவயிறே கலங்கியது. அக்கா சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். காயம் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் மகளே கேட்டாள். பொருட்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு, தாய்க்குச் சிறிதளவு கொடுக்கலாம், ஆனால் குழந்தைக்குத் தாய்ப்பாலும் வைட்டமின் டி சொட்டு மருந்தும் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்றார். உரைமருந்து இல்லாமலே பேத்தி நன்றாக வளர்ந்தாள். இப்படி இரண்டு பக்கமும் கேட்டுச் செய்வதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

அங்கே கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். காலை ஆறரைக்கு நான் கூப்பிட்டால் ஏரலில் மாலை நான்கு. அக்கா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவது எனக்குக் கை மறந்து போயிருந்தது. வீடியோவில் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். "ஏளா, கழுத்த அமுக்காத. தண்ணிய நேரா ஊத்தாத, கையில வாங்கி ஊத்து." பேத்திக்கு அவள் குரல் பழகிவிட்டது. குரல் கேட்டதும் தலையைத் திருப்புவாள்.

ஜூன் 6 மாலை ஏழரை மணி இருக்கும். அக்கா மகன் குவைத்திலிருந்து கூப்பிட்டான். அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை. ஊரில் விடிகாலையில் நெஞ்சு வலி, தூத்துக்குடிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றான். 65 வயது.

நான் போகவில்லை. குழந்தைக்கு ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை, மகளுக்குத் தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை, மருமகனுக்கு விடுப்பு முடிந்துவிட்டது. கிளம்பினாலும் நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அக்காவே உயிரோடு இருந்து கேட்டிருந்தால் "பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டு எதுக்கு வாரே" என்றுதான் சொல்லியிருப்பாள். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் சரியான முடிவு என்பதால் வலி குறைந்துவிடவில்லை.

மறுநாள் ஜூன் 7. அன்று அந்தப் பகுதியில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கனடாவில் கியூபெக் காடுகளில் பற்றிய தீயின் புகை தெற்கே இறங்கி, நியூயார்க், நியூஜெர்சி வானமே ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. மதியம் இரண்டு மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. காற்றுத் தரக் குறியீடு நியூயார்க்கில் 400ஐத் தாண்டியது, அன்று உலகப் பெருநகரங்களிலேயே மோசமான காற்று அங்கேதான். ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. அப்படியும் வீட்டுக்குள் கட்டை எரியும் வாடை. கொரோனா காலத்தில் மிஞ்சிய முகக்கவசத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டோம். ஊரில் அக்கா ஐஸ் பெட்டியில் மகன் வருகைக்காகக் காத்துக் கிடந்தாள். நான் கதவடைத்த வீட்டுக்குள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை கதவு தட்டும் சத்தம். எதிர் வீட்டுக் குஜராத்தி அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குஜராத்தியோ இந்தியோ வராது. பூங்காவில் எதிர்ப்பட்டால் கைகூப்புவோம், குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான் பழக்கம். அன்று வெள்ளைச் சேலை கட்டி, அந்தப் புகைக்குள் நடந்து வந்திருந்தார். கையில் மூடி போட்ட பாத்திரத்தில் கிச்சடி. துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வெள்ளை உடுத்திப் போவது அவர்கள் வழக்கம் என்று மகள் பிறகுதான் சொன்னாள். எதுவும் பேசவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது என் தலையில் கை வைத்தார். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். ஊரில் என்றால் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த ஊரில் எனக்குத் துட்டி கேட்டு வந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். நான் இருக்கும்வரை அவரை மறக்க மாட்டேன்.

அக்கா மகன் குவைத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து கார் பிடித்து நாகர்கோவில் வழியாக ஊர் போய்ச் சேர்ந்தான். எட்டாம் தேதி பகல் பதினொன்றுக்கு எடுத்தார்கள். எங்களுக்கு அது இரவு ஒன்றரை. யாரோ ஒரு பையன் போனைப் பிடித்துக் காட்டினான். பாதி நேரம் பந்தல் துணியும் ஆட்கள் முதுகும்தான் தெரிந்தன. ஒரு தடவை மட்டும் முகம் தெரிந்தது. அதற்குள் இணைப்பு நின்றுவிட்டது. காடாத்து, பதினாறாம் நாள் விசேஷம் எல்லாம் இப்படித்தான் கையகலக் கண்ணாடியில் பார்த்தேன்.

அதற்கப்புறம் என்னை விட்டு நகராத ஒன்று இருந்தது. அவள் செத்துப்போனது எனக்குத் தெரியும், ஆனால் எப்படிச் செத்தாள் என்று தெரியாது. அன்று காலை என்ன செய்தாள், யாரைக் கூப்பிட்டாள், என்ன பேசினாள்? அக்கா மகனிடம் கேட்டால் அவனுக்கும் தெரியாது, அவனும் பாவம் பிறகு வந்தவன். "ஹார்ட் அட்டாக் சித்தி" என்பதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை.

ஜூலையில் மகள் எங்கள் இருவரையும் வற்புறுத்தி நயாகரா பஸ் டூரில் ஏற்றிவிட்டாள். துட்டி நடந்த வருடத்தில் ஊர் சுற்றுவதா என்று எனக்கு மனமே இல்லை. அவள் நான் வீட்டுக்குள்ளேயே முடங்குவதைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். வழியில் கார்னிங் என்ற ஊரில் கண்ணாடி அருங்காட்சியகம் காட்டினார்கள். பிறகு அருவி. அமெரிக்கப் பக்கத்துப் படகில் நீல மழைக்கோட்டு, கனடாப் பக்கத்துப் படகில் சிவப்பு. படகு அருவிக்குக் கீழே போகிறபோது சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. குற்றாலத்துக்காரர்களுக்கு அருவி புதிதில்லை, ஆனால் இது வேறு அளவு.

கரையேறிய பிறகு கோட் தீவு என்ற தீவில் உலாவ விட்டார்கள். அதை ஒட்டி மூன்று சகோதரிகள் தீவுகள் என்று சின்னச் சின்னத் திட்டுகள், நடைபாலம் போட்டிருக்கிறார்கள். பழைய காலத்தில் அங்கே வாழ்ந்த ஒருவரின் மூன்று பெண்களின் பெயரில் அழைக்கிறார்களாம். வழிகாட்டி அதைச் சொல்லிவிட்டு மேலே நடந்தார். எனக்கு நடக்க முடியவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். கணவர் தண்ணீர் வாங்கப் போனார்.

"ஏன் அக்கா அழுறியள்?" என்று ஒரு குரல்.

யாழ்ப்பாணத்துப் பெண். ஐம்பத்தைந்து வயது இருக்கும். டொராண்டோவில் இருக்கிறார், உறவினர்களோடு எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறார். சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு அவர் கதையைச் சொன்னார். அவருடைய ஊர் பருத்தித்துறைக்குப் பக்கம். அம்மா 2007இல் இறந்திருக்கிறார். "ஏ-9 பாதை பூட்டியிருந்த காலம். நான் போறதெண்டால் எப்பிடிப் போறது? அம்மா மோசம் போனது எனக்கு மூண்டு நாளைக்குப் பிறகுதான் தெரியும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. முகமும் பாக்கேல்ல, படமும் பாக்கேல்ல." 2006 ஆகஸ்டில் மூடிய, யாழ்ப்பாணத்துக்குப் போகும் அந்த நெடுஞ்சாலை போர் முடியும்வரை பொதுமக்களுக்குத் திறக்கவில்லை என்பது செய்தியாக எனக்குத் தெரியும். அதற்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஒரு மகளை அன்றுதான் பார்த்தேன். அஸ்தியைக் கீரிமலைக்குக் கொண்டுபோனார்களா என்பதுகூட அவருக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

பாதை திறந்ததும் ஊருக்குப் போயிருக்கிறார். "நான் கோயிலுக்குப் போகேல்ல அக்கா. முதல்ல வீடு வீடாப் போனன். கடைசியா அம்மாவைக் கண்டவை ஆர் ஆர் எண்டு கேட்டுக் கேட்டு, ஒவ்வொருத்தரிட்டையும் போயிருந்து கதைச்சன். ஒராள் சொல்லிச்சுது அம்மா முதல்நாள் பின்னேரம் முருங்கையிலை ஆஞ்சு கொண்டிருந்தவ எண்டு. இன்னொராள் சொல்லிச்சுது வாயில கடைசியாப் பால் விட்டது தான்தான் எண்டு. அதெல்லாத்தையும் சேர்த்து வைச்சிருக்கிறன். அதுதான் எனக்கு அம்மான்ட செத்த வீடு. நீங்களும் போய்க் கேளுங்கோ. வெக்கப்படாதேங்கோ. கண்டவை சொல்லத்தான் வேணும்."

என் கணவர் தண்ணீரோடு வந்தபோது அந்தப் பெண்ணை அவருடைய ஆட்கள் கூப்பிட்டுவிட்டார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருடத்தில் எனக்கு யார் என்ன சொன்னாலும், இதைப் போல உதவியது வேறு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் சம்பந்தி வீட்டார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்ததும் நாங்கள் திரும்பினோம். அந்த வருடம் ஆடியில் இரண்டு அமாவாசை, ஜூலை 17இலும் ஆகஸ்ட் 16இலும். இரண்டாவதற்கு ஏரலில் இருந்தேன். ஏரலுக்கு ஆடி அமாவாசை எவ்வளவு பெரியது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குச் சேர்மனாக இருந்து 1908 ஆடி அமாவாசை அன்று இளவயதிலேயே மறைந்த அருணாசல சுவாமிக்கு ஆற்றங்கரையில் கோயில். அக்கா வருடம் தவறாமல் போவாள். அக்கா மகன் விடுப்பில் வந்து ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் கொடுத்தான். நான் படியில் நின்றேன்.

அப்புறம் கேட்க ஆரம்பித்தேன். யாழ்ப்பாணத்துப் பெண் சொன்ன மாதிரியே, வெட்கப்படாமல்.

அவளைக் கொண்டுபோன ஆட்டோக்காரர் முதலில் பேசவே தயங்கினார். "என்னால காப்பாத்த முடியல்லையேம்மா" என்றார். அதற்கில்லை, அவள் என்ன பேசினாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார். அக்கா தானே நடந்து வந்துதான் ஏறியிருக்கிறாள். வழியில் பள்ளத்தில் வண்டி குதித்தபோது "மெதுவாப் போப்பா, எனக்காக வேகமாப் போயி நீ எங்கயும் முட்டிராத" என்றாளாம். அவர் பிள்ளை எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டாளாம். அதற்கு அவர் பதில் சொல்லித் திரும்பிப் பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது.

பக்கத்து வீட்டு மதினி சொன்னது: "சாவிய என் கையில குடுத்தாவ. கோழிக்குத் தண்ணி வையி, நான் மத்தியானம் வந்திருதேன்னாவ. மொகத்துல ஒரு பயமும் இல்ல. நான் கூட வாரேன்னேன். நீ ஒம் பிள்ளைக்குச் சோறு பொங்கு, சின்ன மதினிய அனுப்புன்னாவ." அந்தச் சின்ன மதினிதான் ஆட்டோவில் கூடப் போனவள். அவள் மடியில்தான் தலை இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, என் மடியைத் தொட்டு "இங்கனதான் இருந்தாவ" என்று தன் மடியைக் காட்டினாள்.

வெற்றிலைக் கடைக்காரர் சொன்னது வேறு மாதிரி. அக்கா ஆத்தூர் வெற்றிலை தவிர வேறு போட மாட்டாள். அந்த வருடம்தான் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் பார்த்துவிட்டு அவரிடம் வந்து, "நான் அம்பது வருசமாச் சொல்லுதத கவர்மெண்டு இப்பம்தான் கண்டுபிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாளாம். முதல் நாள் சாயங்காலமும் வாங்கியிருக்கிறாள். அமெரிக்காவில் தங்கச்சி பேத்தி தன் குரலுக்குத் திரும்புகிறாள் என்று கடையில் நின்ற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். இதைக் கேட்டபோதுதான் ஜூனில் வராத அழுகை முழுதாக வந்தது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது வெளிநாட்டிலோ வெளியூரிலோ மாட்டிக்கொண்டு, பெற்றவர்கள் சாவுக்கோ உடன்பிறந்தவர்கள் சாவுக்கோ வர முடியாமல் போயிருந்தால், அவர்களிடம் போய் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "என்ன செய்ய, விதி" என்று ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். என்ன சாப்பிட்டார், என்ன சேலை கட்டியிருந்தார், கதவைப் பூட்டும்போது என்ன சொன்னார் என்பதெல்லாம் அங்கே இருந்த உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மனம் நோகுமே என்று மறைக்காதீர்கள்.

செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தபோது அக்காவின் தோழிகள் இரண்டு பேர் அவள் பெயரைச் சொல்லி அழுததாகக் கேள்விப்பட்டேன். அக்டோபரில் கணவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை, நல்லபடியாக முடிந்தது. தீபாவளி கொண்டாடவில்லை.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளிலிருந்தே மழை. ஆனால் அன்று பெய்தது மழை என்ற கணக்கிலேயே வராது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. அணைகளிலிருந்து வந்த தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் குளங்கள் உடைந்த தண்ணீரும் எல்லாம் ஒன்றுசேர்ந்து கீழே இறங்கின. பாளையங்கோட்டை மேடு, நாங்கள் தப்பித்தோம். வண்ணார்பேட்டையும் ஜங்ஷனும் தண்ணீரில். ஏரலோடு போன் தொடர்பு அறுந்துவிட்டது. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. அக்கா மகன் குவைத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்கிறான், என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஜூனில் நான் இருந்த இடத்தில் இப்போது அவன் இருந்தான்.

என் கணவரின் தம்பி மகன் அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை போகும் செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்தான். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலே தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி முழுக்க அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. சுமார் 800 பயணிகள். கொஞ்சம் பேரை முதலிலேயே வெளியேற்றினார்கள், 500 பேர் போல 19ஆம் தேதி வரை அங்கேயே. சுற்றிலும் கடல் மாதிரி தண்ணீர். அவன் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெரியம்மா, பக்கத்து ஊரு புதுக்குடிக்காரங்க வீட்டுக்குள்ள தண்ணி. ஆனாலும் இருக்கிற அரிசி பருப்பக் கொண்டாந்து கோயில்ல வச்சுப் பொங்கிப் போட்டாங்க. கைக்குழந்தைக்குப் பால் தேடிக் கொண்டாந்தாங்க. நாங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாது." பிறகு மீட்புப் படையினர் வந்து கூட்டிப்போய், வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னை சேர்ந்தான்.

தண்ணீர் வடிந்து, பாதை ஓரளவு சரியானதும் ஏரல் போனோம். பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அரித்துக்கொண்டு போயிருந்தது. கடைத்தெருவில் துணிக்கடைக்காரர்கள் சேறு ஊறிய சேலைகளைத் தெருவில் குவித்து வைத்திருந்தார்கள். பொங்கல் வியாபாரத்துக்கு வாங்கி அடுக்கிய சரக்கு. யாரும் கத்தவில்லை, அழவில்லை. மண்வெட்டிச் சத்தம்தான்.

அக்கா வீட்டில் நெஞ்சளவு சேற்றுக் கோடு. மரப்பெட்டி ஊறி வெடித்திருந்தது. அவள் சேலைகள், கல்யாண ஆல்பம், அத்தானின் பழைய கடிதங்கள் எல்லாம் போயிற்று. கோழிகளும் போயின. மதினி வீடு ஓட்டு வீடு, மண் சுவர், பாதி விழுந்துவிட்டது. ஆனால் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் அந்த மதினி அக்கா வீட்டைத் திறந்து, அவள் போட்டோவையும் பூசைப் பாத்திரத்தையும் எடுத்து, மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். தன் வீட்டில் ரேஷன் கார்டையும் பிள்ளைகள் சான்றிதழையும் தவிர வேறு எதையும் அவளால் எடுக்க முடியவில்லை.

போட்டோவை வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கேதான் முகாம். பெரிய அண்டாக்களில் சாம்பார் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அக்காவிடம் சமையலராகவும் உதவியாளராகவும் வேலை பார்த்தவர்கள். சுவரில் ஆணி அடித்து அக்கா படத்தை அடுப்புக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். "டீச்சர் இருந்திருந்தா இத்தன தலைக்கு இத்தன படின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லியிருப்பாவ. நாங்க மூணு தடவ எண்ணிப் போட வேண்டியிருக்கு" என்றாள் ஒருத்தி. மற்றவள் என்னை உட்கார வைத்து இலை போட்டாள். படத்தை முகாம் முடியும்வரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அக்கா மகன் வந்து பத்து நாள் இருந்து வீட்டைக் கழுவி, வயரிங் மாற்றி, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருக்கிறான். வீட்டை விற்றுவிடலாம் என்று முன்பு ஒரு யோசனை இருந்தது. இப்போது மதினி குடும்பம் அதில் இருக்கிறது, அவர்கள் வீடு கட்டி எழுப்பும்வரை வாடகை பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஜூனில் தலைத்திவசம். அதற்கு மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று. ஆட்டோக்காரரிடமும் வெற்றிலைக் கடையிலும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.